இன்னொரு வருடம் கொடுங்கள்!

(தஞ்சை மாவட்டக் கடற்கரை ஊர் ஒன்றில், இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வைப் பற்றி ஒரு மவ்லவி பேசுவதா, இவருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். சம்பந்தம் இருக்கிறது. நம் வீட்டில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி வந்துவிட்டால் நாம் கேட்கும் முதல் கேள்வி என்ன? "பெண் டாக்டர் இருக்கிறாரா?" இங்கே இல்லை என்றால் பட்டுக்கோட்டை ஓடுகிறோம். அங்கும் இல்லை என்றால் தஞ்சாவூர் ஓடுகிறோம். கேட்பது நியாயம்தான். ஆனால் அந்தப் பெண் டாக்டர் எங்கிருந்து வருவார்? யாரோ ஒரு தகப்பன் தன் மகளை ஆறேழு வருடம் படிக்க வைத்ததால்தான் அவர் அங்கே வெள்ளைக் கோட்டோடு நிற்கிறார். அந்தத் தகப்பனாக நாம் இருக்க மாட்டோம். ஆனால் அவருடைய மகள் மட்டும் நம் வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவம் பார்க்க வேண்டும்! இது என்ன நியாயம் சகோதரர்களே?

ஆகவே பேசுகிறேன்.

தேர்வு எப்படி வந்தது?

இளைஞர்களுக்குப் பழைய கதை தெரியாது. சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழகத்தில் 1984 முதல் மாநில அரசே தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு நடத்தியது. கிராமத்துப் பிள்ளைகள் பாதிக்கப்படுகிறார்கள் என்று 2006இல் அதை நீக்கச் சட்டம் போட்டார்கள். 2007 முதல் பிளஸ் டூ மதிப்பெண்தான் எல்லாம். அந்தக் காலத்தில்தான் நம் வணிகச் சகோதரர்கள் பிள்ளைகளை நாமக்கல் விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். பிறகு அகில இந்திய அளவில் நீட் வந்தது. 2013 மே மாதம் முதல் தடவை நடந்தது. அதே ஆண்டு ஜூலையில் உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2016இல் அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. தமிழகத்துக்கு அந்த ஓராண்டு மட்டும் அரசு இடங்களுக்கு விலக்கு கிடைத்தது. 2017 முதல் விலக்கு இல்லை.

இதை எதிர்த்துச் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. 2021 செப்டம்பரில் ஒருமுறை; ஆளுநர் திருப்பி அனுப்பியதால் 2022 பிப்ரவரியில் இரண்டாம் முறை. அந்த மசோதாவுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டுவிட்டது என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். எதிர்ப்புப் போராட்டம் நியாயமானது. நானும் அந்த மேடைகளில் பேசுகிறவன்தான். ஆனால் "நீட் எப்படியும் போய்விடும்" என்று நம்பிப் படிக்காமல் இருந்த பிள்ளைகள் நம் ஊர்களில் உண்டு. நம் முழக்கத்தைக் கேட்டு ஒரு பிள்ளை புத்தகத்தை மூடி வைத்தால் அந்த முழக்கம் அவனுக்குச் செய்த உதவி என்ன? தெருவில் கொடி பிடிப்பது வேறு வேலை. வீட்டில் விளக்கைப் போட்டுப் படிப்பது வேறு வேலை. இரண்டும் நடக்க வேண்டும்.

முதல் தடவையும் இரண்டாம் தடவையும்

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

நம் ஊர்களில் என்ன நடக்கிறது? பிளஸ் டூ முடித்த பையன் மே மாதம் நீட் எழுதுகிறான். ஜூனில் முடிவு வருகிறது. மதிப்பெண் போதவில்லை. அந்த வாரமே மாமா துபாயிலிருந்து போன் செய்கிறார்: "விசா ஒன்று இருக்கிறது மச்சான், அனுப்பி விடுங்கள்." அவ்வளவுதான். பாஸ்போர்ட், மெடிக்கல், டிக்கெட். மூன்று மாதத்தில் பையன் சூப்பர் மார்க்கெட்டில் பெட்டி அடுக்குகிறான். சபுர் போவதை நான் குறை சொல்லவில்லை. இந்த ஊரின் சுவர்கள் எல்லாம் சபுர் காசில் எழும்பியவை. ஆனால் இரண்டு வருடம் படித்த படிப்பை ஒரு போன் முடித்து வைக்கலாமா?

பெண் பிள்ளை என்றால் இன்னும் வேகம். "இன்னொரு வருடம் வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா? நல்ல இடம் வந்திருக்கிறது" என்கிறார் உம்மா. ராத்தாவும் மாமியும் ஆமாம் போடுகிறார்கள். அந்தப் பிள்ளையின் புத்தகங்கள் பழைய பேப்பர்காரனுக்குப் போகின்றன.

இப்போது ஒரு கணக்கைக் கேளுங்கள். நீட்டின் விளைவை ஆராய 2021இல் தமிழக அரசு நீதியரசர் ஏ.கே. ராஜன் தலைமையில் ஒரு குழு அமைத்தது. அது தந்த கணக்கு இது. நீட்டுக்கு முன், 2016-17இல், எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் முந்தைய ஆண்டே பிளஸ் டூ முடித்து மறுபடி முயன்றவர்கள் 12.47 சதவீதம். 2020-21இல் அவர்கள் 71.42 சதவீதம்! நூற்றுக்கு எழுபத்தோரு பேர்! அதாவது உள்ளே போனவர்களில் பத்துக்கு ஏழு பேர் முதல் தடவையில் போனவர்கள் இல்லை. மற்ற சமுதாயத்துப் பிள்ளை இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை எழுதி இடம் பிடிக்கிறான். நம் பிள்ளை முதல் தடவையோடு பெட்டி கட்டுகிறான். பிறகு "நம் பிள்ளைகளுக்குப் படிப்பு வரவில்லை" என்று நாமே சொல்லிக் கொள்கிறோம். படிப்பு வராமல் இல்லை. நாம் அவகாசம் கொடுக்கவில்லை!

இந்த முறை நியாயமா என்றால், இல்லை. இரண்டாம் வருடத்துக்குப் பணம் உள்ளவனுக்குச் சாதகமான முறை என்பதைத்தான் அந்தக் குழுவும் சொன்னது. அதனால்தான் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அந்த இரண்டாம் வருடத்தை ஊர் சேர்ந்து கொடுக்க வேண்டும் என்கிறேன்.

நாம் காவிரிப் பாசனத்து மக்கள். மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்காத வருடங்களை நாம் பார்த்ததில்லையா? குறுவை போய்விட்டது என்று எந்த மிராசுதாராவது நிலத்தை விற்றுவிட்டு ஊரை விட்டுப் போனாரா? நாற்றங்காலைத் தயார் செய்து சம்பாவுக்குக் காத்திருக்கிறார். நெல்லுக்குக் கொடுக்கிற அவகாசத்தைப் பெற்ற பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாதா? மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கப் பதினைந்து வருடம் சபுரில் கிடக்கிற வாப்பாமார்கள் இங்கே இருக்கிறீர்கள். அந்த மகள் கேட்பது ஒரே ஒரு வருடம்.

சட்டத்தில் தடை எதுவும் இல்லை. இத்தனை தடவைதான் எழுதலாம் என்ற வரம்பு கிடையாது. அதிகபட்ச வயது வரம்பையும் 2022இல் எடுத்துவிட்டார்கள். சேரும் ஆண்டு டிசம்பர் 31க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காக ஐந்து வருடம் எழுதிக்கொண்டே இருங்கள் என்று நான் சொல்லவில்லை. முதல் தடவைக்கும் மாதிரித் தேர்வுகளுக்கும் இடையில் மதிப்பெண் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் கொடுங்கள். ஏறவே இல்லை என்றால் பிள்ளையோடு உட்கார்ந்து வேறு வழி பேசுங்கள். தமிழகத்தில் கால்நடை மருத்துவம், வேளாண்மை, நர்சிங், பார்மசி ஆகியவற்றுக்கு மாநில இடங்களில் இன்றும் பிளஸ் டூ மதிப்பெண்தான்.

"நீட் பாஸ்" என்பது என்ன?

வணிகர்கள் நீங்கள். ஒரு சரக்கின் எடையையும் தரத்தையும் பார்க்காமல் வாங்க மாட்டீர்கள். ஆனால் இந்தத் தேர்வைப் பற்றி மட்டும் யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிறீர்கள்.

2025இல் நடந்த முறைப்படி மொத்தம் 180 கேள்வி, 180 நிமிடம், 720 மதிப்பெண். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. சரியான விடைக்கு 4. தவறான விடைக்கு 1 கழியும். விட்டுவிட்டால் வரவும் இல்லை, செலவும் இல்லை. முறை ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும். 2021 முதல் 2024 வரை 200 கேள்வி கொடுத்து 180 எழுதச் சொன்னார்கள். அந்தந்த ஆண்டு அறிவிப்பை முழுமையாகப் படியுங்கள்.

அந்த 2025 தேர்வைச் சுமார் 22 லட்சம் பேர் எழுதினார்கள். 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தகுதி பெற்றார்கள். நாடு முழுவதும் எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒன்றேகால் லட்சத்தை ஒட்டித்தான். பிற்படுத்தப்பட்டோருக்கு அந்த ஆண்டுத் தகுதி மதிப்பெண் 720க்கு வெறும் 113. இதை எடுத்துவிட்டு "என் மகன் நீட் பாஸ்" என்று தெருவெல்லாம் இனிப்பு கொடுக்கிறார்கள். இனிப்பு கொடுத்த மறுநாள் ஏஜெண்டு வீடு தேடி வருகிறான். "பாஸ் ஆகிவிட்டார் அல்லவா, இடம் நான் வாங்கித் தருகிறேன்" என்கிறான். தகுதி என்பது வரிசையில் நிற்க ஒரு டோக்கன். டோக்கனுக்கே கடையை எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்!

இன்னொருவன் வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். என்பான். வெளிநாட்டில் படிக்கப் போவதற்கும் 2018 முதல் நீட் தகுதி கட்டாயம். படித்துத் திரும்பி வந்தால் இங்கே தனித் தேர்வு ஒன்று எழுத வேண்டும். சமீப ஆண்டுகளில் பெரும்பாலான தடவை அதை எழுதியவர்களில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. 2021இல் வந்த விதிப்படி குறைந்தது 54 மாதப் படிப்பு, ஆங்கில வழி, அதே நாட்டில் 12 மாதப் பயிற்சி இவையெல்லாம் வேண்டும். ஏஜெண்டிடம் முன்பணம் கொடுக்கும் முன் இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். பதில் வராது. முகம் மட்டும் மாறும்.

ஹிஃப்ழு மதரஸாவின் வழி

சரி, எப்படிப் படிப்பது? நான் டாக்டர் அல்ல. ஆனால் மனனம் செய்வதை எனக்குத் தெரியும். பெரிய கோச்சிங் நிறுவனங்கள் இன்று காசு வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிற முறையை நம் ஹிஃப்ழு மதரஸாக்களில் சின்னப் பிள்ளைகள் தினமும் செய்கிறார்கள்.

குர்ஆனை மனனம் செய்யும் மாணவனுக்கு உஸ்தாத் புதுப் பாடம் கொடுப்பார். அதை ஸபக் என்போம். அது அரைப் பக்கமோ ஒரு பக்கமோதான். ஆனால் அதை மட்டும் கேட்டுவிட்டு அனுப்ப மாட்டார். கடந்த சில நாட்களில் மனனம் செய்ததைத் தனியாகக் கேட்பார். அதன் பிறகு எப்போதோ முடித்த பழைய ஜுஸ்வு ஒன்றைக் கேட்பார். அந்தப் பழைய பாடத்துக்கு ஆமோக்தா என்று பெயர். புதியது கொஞ்சம், பழையது நிறைய! பழையது சொல்லாதவனுக்கு அன்று புதிய பாடம் கிடையாது. ஏன்? திருப்பாதது மறந்துபோகும் என்பது உஸ்தாதுக்குத் தெரியும்.

நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? புதியதாகவே படித்துக்கொண்டு போகிறார்கள். மார்ச்சில் திரும்பிப் பார்த்தால் ஜூலையில் படித்த தாவரவியல் ஒன்றும் நினைவில் இல்லை. தம்பி, காலையில் உயிரியலில் புதிதாக நான்கைந்து பக்கம் படி. மாலையில் இந்த வாரம் படித்ததைத் திருப்பு. இரவில் பழைய பாடம் ஒன்று. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சொல்லிப் பார். இரண்டு ஹாபிழ்கள் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் ஓத ஒருவர் கேட்பது போல, இரண்டு மாணவர்கள் உட்காருங்கள். ஆள் இல்லையா? உம்மா கையில் புத்தகத்தைக் கொடு. அவர் டாக்டருக்குப் படித்திருக்க வேண்டியதில்லை. நீ சொல்வது புத்தகத்தில் உள்ளபடி இருக்கிறதா என்று பார்த்தால் போதும். 720இல் 360 மதிப்பெண் உயிரியல். அதில் பெரும்பகுதி என்சிஇஆர்டி புத்தகத்தின் வரிகளிலிருந்தும் படங்களிலிருந்தும் அட்டவணைகளிலிருந்தும் வருகிறது. படத்தின் கீழே உள்ள சிறிய எழுத்தையும் விடாதே.

இயற்பியல் மட்டும் இந்த வழியில் வராது. அதைக் கணக்குப் போட்டுத்தான் பிடிக்க வேண்டும். கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை. கல்லாவில் உட்கார்ந்து மனக்கணக்குப் பழகிய பையன்களுக்கு இது ஓர் அனுகூலம். (ஆனால் அதற்காகப் பரீட்சைக்கு நான்கு மாதம் இருக்கும்போது பையனைக் கல்லாவில் உட்கார வைக்காதீர்கள், பாய்!)

மைனஸ் மதிப்பெண்ணையும் வியாபாரக் கணக்காகவே பாருங்கள். நாலு விடையில் இரண்டைத் தவறு என்று தள்ளிவிட முடிகிறதா? மிச்சம் உள்ள இரண்டில் ஒன்றைத் தொடலாம். அப்படி இரண்டு கேள்வியில் ஒன்று சரியானால் வரவு 4, செலவு 1, நிகரம் 3. எதையுமே தள்ள முடியவில்லை என்றால் நாலு கேள்வியில் ஒன்றுதான் பலிக்கும். வரவு 4, செலவு 3. அந்த ஒரு மதிப்பெண்ணுக்காக நேரத்தையும் நிதானத்தையும் பணயம் வைப்பது நல்ல வியாபாரி செய்கிற வேலை அல்ல.

பதினொன்றாம் வகுப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நீட் பாடத்திட்டம் பதினொன்று, பன்னிரண்டு இரண்டும் சேர்ந்தது. பல பள்ளிகள் பதினொன்றாம் பாடத்தை நடத்தாமலே பன்னிரண்டுக்குத் தாவின. அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பதினொன்றுக்கும் பொதுத் தேர்வு கொண்டு வந்தார்கள். 2025-26 முதல் அந்தப் பொதுத் தேர்வு இல்லை. பள்ளிகள் பழைய பழக்கத்துக்குத் திரும்பாமல் பார்க்க வேண்டியது பெற்றோரின் பொறுப்பு. பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள்: "பதினொன்றாம் இயற்பியல் எத்தனை பாடம் முடிந்தது?"

தமிழ் வழியில் படிப்பவர்கள் தமிழிலேயே நீட் எழுதலாம். ஆனால் கலைச்சொற்களை ஆங்கிலத்திலும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2018 நினைவிருக்கிறதா? தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை. மதுரை உயர்நீதிமன்றக் கிளை 196 மதிப்பெண் கூடுதலாகத் தரச் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி என்பதுதான் விதி. தமிழ்த் தாளோடு ஆங்கிலக் கேள்வியும் அச்சாகி வரும். கண் இரண்டிலும் ஓடட்டும்.

2025 தேர்வு பிற்பகல் 2 முதல் 5 வரை நடந்தது. டெல்டாக்காரன் மீன் குழம்புச் சோறு சாப்பிட்டுவிட்டுக் கண் அயரும் நேரம்! ஜனவரியிலிருந்தே வாரம் ஒரு நாள் சரியாக அந்த நேரத்தில் மாதிரித் தேர்வு எழுதிப் பழகுங்கள். லுஹர் தொழுதுவிட்டு உள்ளே போகலாம். வெளியே வந்தால் அஸருக்கு நேரம் இருக்கும். ரமளான் இந்த ஆண்டுகளில் பொதுத் தேர்வை ஒட்டியே வருகிறது. தராவீஹ் முடிந்து கடைத்தெருவில் நள்ளிரவு வரை சுற்றுவதை விட்டுவிட்டு உறங்கி, ஸஹரிலிருந்து காலை வரை படித்தால் மற்ற மாதங்களைவிட அமைதியான மூன்று மணி நேரம் கிடைக்கும். பேனாவுக்கு ஓதி வாங்குவது, கையில் தாயத்து கட்டுவது எல்லாம் வேண்டாம். தேர்வு மண்டப வாசலிலேயே அவிழ்க்கச் சொல்லிவிடுவார்கள்.

காகிதத்தில் இழக்கும் இடங்கள்

படித்தும் இடத்தை இழக்கிறோம். எங்கே? சான்றிதழில்.

2007இல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதம் தனி ஒதுக்கீட்டுக்குச் சட்டம் வந்தது. தெருவில் நின்று கேட்டு வாங்கிய உரிமை. தஞ்சை மருத்துவக் கல்லூரியில் 150 இடம். அகில இந்தியத் தொகுப்புக்கு 15 சதவீதம் போக மிச்சத்தில் 3.5 சதவீதம் என்றால் நாலைந்து இடம்தான். ஆனால் அதிக மதிப்பெண் எடுத்த நம் பிள்ளை பொதுப் பிரிவிலேயே இடம் பெறுவான். அவன் இந்த நாலில் சேர மாட்டான். ஆகவே இதைக் கூரை என்று நினைக்காதீர்கள், தரை என்று நினையுங்கள். சான்றிதழில் வெறுமனே "முஸ்லிம்" என்று இருந்தால் போதாது. லெப்பை, மரைக்காயர், ராவுத்தர், தக்கனி என்று பட்டியலில் உள்ள பிரிவு தெளிவாக இருக்க வேண்டும். அகில இந்தியத் தொகுப்புக்கு மத்திய அரசின் ஓபிசி சான்றிதழ் வேறு. அந்தப் பட்டியலில் தன் பிரிவு இருக்கிறதா என்று பார்த்துத் தனியாக வாங்க வேண்டும். வளைகுடாவில் படித்து வந்த பிள்ளைகளுக்கு இருப்பிடச் சான்று வேண்டும். இவற்றை ஜூனில் ஓடி வாங்க முடியாது. டிசம்பரிலேயே இ-சேவை மையத்துக்குப் போங்கள்.

அடுத்து, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து நீட்டில் தகுதி பெற்றவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் சில நூறு எம்.பி.பி.எஸ். இடம். பொது வரிசையைவிட மிகக் குறைந்த மதிப்பெண்ணிலேயே கிடைக்கிறது. கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. இதைத் தெரியாமல் நம்மவர்கள் செய்யும் காரியம் என்ன? பத்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் நன்றாகப் படித்த பிள்ளையைப் பெருமைக்காகப் பதினொன்றில் தனியார் பள்ளிக்கு மாற்றுகிறார்கள். அந்த ஒரு டி.சி.யோடு 7.5 சதவீதம் போய்விட்டது! மாற்றும் முன் பத்து தடவை யோசியுங்கள்.

அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு இந்த ஒதுக்கீடு இல்லை. நம் முன்னோர் வக்ஃபு நிலத்தையும் நகையையும் கொடுத்து எழுப்பிய பள்ளிகள் டெல்டாவில் பல. அவற்றில் பல உதவி பெறும் பள்ளிகள். அங்கே படிப்பவர்கள் யார்? கூலி வேலை செய்பவரின் மகள், மீன் விற்பவரின் மகன். காலை உணவுத் திட்டம் 2024இல் ஊரக உதவி பெறும் பள்ளிகளுக்கு வந்தது. புதுமைப் பெண் திட்டமும் அதே ஆண்டு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்கு விரிந்தது. சாப்பாட்டிலும் உதவித்தொகையிலும் அந்தப் பிள்ளை ஏழை என்று ஒப்புக்கொண்ட அரசு, மருத்துவ இடத்தில் மட்டும் ஒப்புக்கொள்ளாதது ஏன்? இதைக் கேட்க வேண்டியது நம் கடமை, கேட்போம். ஆனால் மகனை ஆறாம் வகுப்பில் சேர்க்கப் போகிற தகப்பன் இன்றைய சட்டத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

தேர்வு நாள்

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் கேட்கிற கேள்வி: தலையை மறைத்து எழுத விடுவார்களா? 2015இல் கேரளாவில் இரண்டு மாணவிகள் உயர்நீதிமன்றம் போய் அனுமதி பெற்றார்கள். 2016இல் அதே நீதிமன்றம் இன்னும் தெளிவாகத் தீர்ப்பளித்தது: தலைமறைப்போடு எழுதலாம், பெண் அலுவலர் சோதிக்க முன்கூட்டியே வந்துவிட வேண்டும். மார்க்க உடை அணிந்து வருவோர் முன்னதாக வரவேண்டும் என்று தேர்வு அறிவிப்பிலும் இப்போது அச்சிடுகிறார்கள். ஆகவே முன்னதாகப் போங்கள். வாசலில் பிரச்சினை வந்தால் குரலை உயர்த்தாமல் அறிவிப்பின் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். அச்செடுத்துக் கையோடு வைத்திருங்கள்.

2018 மே மாதம் நம் பிள்ளைகள் பலருக்குக் கேரளாவில் மையம் போட்டார்கள். திருத்துறைப்பூண்டிப் பகுதியைச் சேர்ந்த ஒரு தந்தை மகனை எர்ணாகுளத்துக்கு அழைத்துச் சென்றார். மகன் உள்ளே எழுதிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பில் உயிர் துறந்தார். இன்று தஞ்சையிலேயே மையங்கள் உண்டு. ஆனாலும் வெளியூர் மையம் கிடைத்தால் முதல் நாளே போய்த் தங்குங்கள். அந்த ஊர் ஜமாஅத்துக்குத் தகவல் சொன்னால் பள்ளிவாசல் கதவு திறக்கும்.

முடிவு வரும் இரவு

இதைச் சொல்லாமல் இறங்க மாட்டேன். அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதாவை நாடே அறியும். பிளஸ் டூவில் 1200க்கு 1176. மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். உச்சநீதிமன்றம் வரை போனார். 2017 செப்டம்பர் 1இல் அவரை இழந்தோம். அதற்குப் பிறகும் பல பிள்ளைகளை இழந்திருக்கிறோம். முடிவு வரும் அன்று இரவு பிள்ளையிடம் என்ன பேசுகிறீர்கள் என்பது முக்கியம். "எவ்வளவு செலவு செய்தேன்" என்று அன்று சொல்லாதீர்கள். "பக்கத்து வீட்டுப் பிள்ளை எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். சாப்பாடு கொடுங்கள். கூடவே இருங்கள். பிள்ளை பேசாமல், சாப்பிடாமல், தூங்காமல் இருந்தால் அரசின் 104 எண்ணுக்குப் போன் செய்யுங்கள். மனநல ஆலோசகர் பேசுவார். இதில் வெட்கம் எதுவும் இல்லை. தம்பி, தங்கச்சி, உங்களுக்கும் சொல்கிறேன்: மனம் கனத்தால் யாரிடமாவது வாய் திறந்து சொல்லுங்கள். வீட்டில் சொல்ல முடியாவிட்டால் என்னிடம் வாருங்கள். எந்த நேரமானாலும் வாருங்கள்.

ஊர் என்ன செய்யலாம்?

பாட்னாவில் மௌலானா வலீ ரஹ்மானி என்ற ஆலிம் 2008இல், அபயானந்த் என்ற போலீஸ் உயரதிகாரியின் வழிகாட்டுதலோடு, சமுதாய மாணவர்களைத் தங்க வைத்து ஐஐடி நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்யத் தொடங்கினார். பிறகு மருத்துவத்துக்கும் விரித்தார்கள். மௌலானா 2021இல் வஃபாத்தாகிவிட்டார், வேலை நடக்கிறது. கர்நாடகத்தில் பீதர் என்ற பின்தங்கிய ஊரில் அப்துல் கதீர் என்ற பொறியாளர் 1989இல் இருபதுக்கும் குறைவான மாணவர்களோடு தொடங்கிய ஷாஹீன் நிறுவனம், பள்ளிக்கூடமே பார்க்காத ஹாபிழ்களைப் பள்ளிப் பாடத்துக்குக் கொண்டு வந்து, மருத்துவக் கல்லூரி வரை அனுப்புகிறது. நான் சொன்ன ஸபக், ஆமோக்தா அங்கே வேலை செய்கிறது!

அவ்வளவு பெரியது நமக்கு வேண்டாம். நம் ஜமாஅத்தின் திருமண மண்டபம் வாரத்தில் ஐந்து நாள் பூட்டிக் கிடக்கிறது. இரண்டாம் தடவை எழுதப்போகும் பிள்ளைகளுக்கு அதைக் காலை முதல் மாலை வரை திறந்து விடுங்கள். பெண்களுக்குத் தனிப் பகுதி. பழைய என்சிஇஆர்டி புத்தகம் நாலு செட். சனிக்கிழமை இரண்டு மணிக்கு மாதிரித் தேர்வு. இயற்பியலுக்கு மட்டும் சம்பளம் கொடுத்து ஒரு நல்ல ஆசிரியர். அவர் எந்தச் சமுதாயத்தவராக இருந்தாலும் சரி. வேற்றுச் சமயத்துப் பிள்ளை வந்து உட்கார்ந்தாலும் இடம் கொடுங்கள். தேவையுள்ள பிள்ளையின் செலவை பைத்துல்மால் ஏற்கட்டும். ஒரு வலீமாவில் இரண்டாவது பிரியாணிச் சட்டியை நிறுத்தினால் இந்த ஆசிரியரின் பல மாதச் சம்பளம் வந்துவிடும் என்று முத்தவல்லி அவர்களே கணக்குப் போட்டுச் சொன்னார்.

இந்த ஆண்டு எழுதி இடம் கிடைக்காத பிள்ளைகளின் வாப்பாமார்கள் மட்டும் கூட்டம் முடிந்ததும் போகாமல் இருங்கள். மாமாமார்கள் விசாவோடு வந்திருந்தால் அவர்களும் இருக்கட்டும். பிள்ளையின் மதிப்பெண் தாளையும், மாதிரித் தேர்வு எழுதியிருந்தால் அந்த விவரத்தையும் கொண்டு வந்திருக்கிறீர்களா? ஒவ்வொருவராக உட்கார்ந்து பார்த்துவிடுவோம். மண்டபச் சாவியை முத்தவல்லி கையில் எடுத்து வந்திருக்கிறார்.